மண்டபம் நிறைய டாக்டர்கள்

என் மகள் அபியின் கையிலிருந்த ஜாங்கிரியைப் பிடுங்கியது வேறு யாரும் இல்லை, அவளுடைய பெரியப்பாதான். பிடுங்கியதோடு விட்டாரா? "சர்க்கரை உள்ள புள்ளடி நீ! இனிப்பத் திங்கலாமா?" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் போட்டார்.

பாபநாசத்தில் கல்யாணம். பெரியப்பாவின் மகள் பவித்ராவுக்கு. தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்த நேரம். ஜாங்கிரியில் ஒரு கடிகூட விழவில்லை. அபியின் விரல்களில் ஒட்டியிருந்த பாகைத் தன் மேல்துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டார் பெரியப்பா. அக்கறையாம். அந்த அக்கறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த நிமிஷத்தில் என் மகளுக்கு வேண்டியிருந்தது அந்த ஜாங்கிரி ஒன்றுதான். அவள் ரத்தத்தில் சர்க்கரை மடமடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாய் இனிப்பு உள்ளே போயிருந்தால் போதும். அண்டா அண்டாவாக இனிப்பு அடுக்கியிருந்த மண்டபத்தில், இனிப்பு கிடைக்காமல் ஒரு குழந்தை மயங்கி விழப் பார்த்தாள் என்றால் நம்புவீர்களா? எங்கள் ஊரில் நடக்கும். அதற்கு என்ன காரணம் என்று சொல்ல நான் சில வருஷம் பின்னால் போக வேண்டும்.

ஊர் முழுக்கச் சர்க்கரை

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாபநாசம் கடைத்தெருவில் நானும் என் வீட்டுக்காரரும் விதையும் உரமும் விற்கிறோம். அவர் அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன் என்று ஊரில் ஒரு பேர் உண்டு.

அபிக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. சம்பா நடவு நேரம், கடையில் கூட்டம் நெரியும். பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வருவாள். பையைக்கூடக் கழற்றாமல் தண்ணீர்க் கேனுக்குப் போய்க் குடித்துக்கொண்டே நிற்பாள். பிறகு ஒன்றுக்குப் போவாள். திரும்பி வந்து மறுபடியும் தண்ணீர். பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. நான் பின் குத்திப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்.

உரம் வாங்க வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் வயிற்றில் பூச்சி என்றார். பூச்சி மருந்து கொடுத்தோம். ஒருவர் கண்ணு பட்டிருக்கு என்றார். மிளகாய் சுற்றிப் போட்டோம். வளர்கிற பிள்ளை, உயரம் போடும்போது மெலியத்தான் செய்யும் என்று ஒரு வாத்தியார் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாள் காலையில் வாந்தி எடுத்தாள். எழுந்து நிற்க முடியவில்லை. படுத்திருந்தவளுக்கு, ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கியது. வாயில் அழுகிய பழத்தின் வாடை. காரில் தஞ்சாவூருக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று புது நடவு. அந்தப் பச்சையைப் பார்க்கவே எனக்கு அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் சில நாள் கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். கண் திறந்து, இட்லி கேட்கும் அளவுக்கு வந்த பிறகு, குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"வயித்துக்குள்ள கணையம்னு ஒண்ணு இருக்கு. இன்சுலின் அதுலதான் சுரக்கும். உங்க பொண்ணுக்கு அது நின்னு போச்சு. இனிப்பு தின்னு வந்ததில்ல. நீங்க செஞ்ச எதனாலயும் வந்ததில்ல. பெரியவங்களுக்கு வர்ற சர்க்கரையோட இதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. இதுக்கு மாத்திரை கெடையாது. ஊசிதான்."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அன்று அவர் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

"அவ இருக்கற வரைக்கும் சார். ஊசி போட்டா நல்லா இருப்பா. படிப்பா, ஓடுவா, வேலைக்குப் போவா, கல்யாணம் பண்ணிக்குவா. நிறுத்தினாதான் ஆபத்து. ஒரு வேளைகூட உங்க இஷ்டத்துக்கு நிறுத்தாதீங்க."

எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரருக்கும் புரிந்தது. எட்டு வயசு அபிக்கே புரிந்தது. புரியாதது ஊருக்கு. ஏனென்றால் எங்கள் ஊரில் நாற்பது வயசு தாண்டிய பாதிப் பேருக்குச் சர்க்கரை. நோய் வந்தவர்கள் எல்லாரும் டாக்டராகிவிட்டார்கள்.

வைத்தியம் சொல்லாதவர் யார்

"ஊசிக்கா போயிட்டீங்க? ஊசிக்குப் போனா மாத்திரைக்குத் திரும்பவே முடியாதே!" என்பார் ஒருவர்.

"ஆரம்பத்துலயே சோத்த நிறுத்தியிருக்கணும். சப்பாத்தி குடுங்க" என்பார் இன்னொருவர். அவர் வந்தது நெல்லுக்கு யூரியா வாங்க. விளைவிப்பது நெல், விற்பது நெல், வீட்டில் மூன்று வேளையும் சோறு. என் பிள்ளைக்கு மட்டும் சோறு விஷம் என்று சொல்லிவிட்டு, மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போவார். அரிசிக்குத் தகுந்த மாதிரி ஊசியின் அளவை மாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூக் கஷாயம், வெந்தயம். கடை மேஜைமேல் எனக்கென்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொட்டலங்களை வைத்து இன்னொரு கடையே போட்டிருக்கலாம்.

எல்லாரையும் விடப் பெரிய டாக்டர் எங்கள் பெரியப்பா. என் வீட்டுக்காரரின் அண்ணன். எனக்கு முறைப்படி அத்தான், ஆனால் அபி கூப்பிடுவதைப் பார்த்து வீட்டில் எல்லாரும் பெரியப்பா என்றே சொல்வோம். அவருக்குச் சர்க்கரை வந்து பல வருஷம். விசேஷ வீட்டில் இரண்டு லட்டு தின்றுவிட்டு, அரை மாத்திரை சேர்த்துப் போட்டுக்கொள்வார். கணக்குச் சரியாகிவிட்டது என்று ஏப்பம் விடுவார். நெஞ்சில் ஈரம் உள்ள மனிதர்தான். அபி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாசலை விட்டு நகரவில்லை. அதனால்தான் அவரிடம் கோபப்படுவது அவ்வளவு கஷ்டம்.

ஒரு நாள் வீட்டுக்கே வந்து சிறுகுறிஞ்சான் பொடி ஒரு டப்பா நிறையக் கொடுத்தார்.

"செல்வி, ஒரு மண்டலம் இதைக் குடும்மா. ஆனா பத்தியம் இருக்கு. ஊசிய நிறுத்திப்புட்டுக் குடுக்கணும். ரெண்டும் சேந்தா மருந்து வேலை செய்யாது."

ஒரு மண்டலம்! ஒரு நாள் நிறுத்தினாலே பிள்ளை படுக்கையில் விழுந்துவிடுவாள். நான் டப்பாவை வாங்கிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போனேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாழைக்கு அடியில் கொட்டினேன்.

"என்னம்மா இப்புடிப் பண்ணிட்ட!"

"வாழைக்குச் சர்க்கரை இருந்தா கொணமாகட்டும் அத்தான்" என்றேன்.

அந்தப் போகம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. அந்தப் போகம் எனக்கு நிம்மதியாகப் போயிற்று.

பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி. ஒரு தோழியின் அம்மா, "ஒட்டிக்குமா மிஸ்?" என்று கேட்டு மகளை வேறு பெஞ்சுக்கு மாற்றச் சொன்னார். அபி அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்குத்தான் முதல் முறையாக, "நானே போட்டுக்கறேம்மா" என்று ஊசியை என்னிடமிருந்து வாங்கித் தானே போட்டுக்கொண்டாள்.

கதவைச் சாத்திக்கொண்டு போடு

அபி எட்டாம் வகுப்புக்கு வந்த வருஷம் பவித்ராவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. தை மாதம் முகூர்த்தம். பெரியப்பா தட்டும் வெற்றிலை பாக்குமாகப் பத்திரிகை வைக்க வந்தார். பத்திரிகையைக் கொடுத்துவிட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. தொண்டையைச் செருமினார்.

"செல்வி, ஒரு விஷயம். மாப்பிள்ளை வீடு குத்தாலம். நல்ல எடம். பையன் சிங்கப்பூர்ல இருக்கான். அவங்கல்லாம் வந்து போற எடத்துல அபி ஊசி கீசி போட்டுக்கிட்டு நிக்க வேணாம்மா."

"சாப்பிடறதுக்கு முன்னாடி போட்டுத்தானே ஆகணும் அத்தான்?"

"போடு. வேணாங்கல. மேல ரூமு இருக்கு, கதவச் சாத்திக்கிட்டுப் போடு. குடும்பத்துல சின்னப் புள்ளைக்கே சர்க்கரைன்னா அவங்க என்ன நெனப்பாங்க? பவித்ராவுக்கும் வரும், அவ பெத்துக்கற புள்ளைக்கும் வரும்னு நெனைக்க மாட்டாங்களா? நாளைக்கு அபியையும் ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணுமா இல்லையா?"

"ஒங்களுக்கு இருக்கே சர்க்கரை. அது தெரிஞ்சா பரவாயில்லையா?"

"எனக்கென்னம்மா, வயசாச்சு. சம்பந்திக்கும் இருக்கு. அதைப் பேசிப் பேசித்தான் நாங்க ரெண்டு பேரும் சிநேகமானோம்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பத்திரிகையை இரண்டாம் முறையாக முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். அண்ணன் முன்னால் அவர் எப்போதும் அப்படித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அபி உள்ளேயிருந்து வந்துவிட்டாள்.

"ரூமுலயே போட்டுக்கறேன் பெரியப்பா" என்றாள். அவர் போன பிறகு என்னிடம், "பவி அக்கா கல்யாணம்மா. சண்டை போடாத" என்றாள். பெரியவர்களுக்கு இல்லாத நிதானம் அந்தப் பிள்ளைக்கு இருந்தது. அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. பதிமூன்று வயசில் எதற்கு அவ்வளவு நிதானம்?

இலையில் உட்கார்ந்தவளை எழுப்பினார்கள்

அபி எங்கே போனாலும் ஒரு சின்னப் பை தோளில் இருக்கும். ஊசிப் பேனா, விரலில் குத்திப் பார்க்கும் மெஷின், குளுக்கோஸ் பொட்டலம். கல்யாணத்தன்று மண்டபத்தில் நுழைந்ததுமே பெரியம்மா, அதாவது பெரியப்பாவின் மனைவி, அந்தப் பையை அவள் தோளிலிருந்து கழற்றிவிட்டார். "பட்டுப் பாவாடைக்கு மேல இது என்னடி கோமாளியாட்டம்" என்று சொல்லி மாடியில் நகை வைத்த அறையில் கொண்டு போய் வைத்தார். சாவி அவர் இடுப்பில். பட்டுப் பாவாடைக்குப் பாக்கெட் என்று ஒன்று வைத்துத் தைக்கும் தையற்காரர் எங்கள் பக்கம் இன்னும் பிறக்கவில்லை.

முகூர்த்தம் முடிந்தது. "அக்கா, அபி எந்தப் பந்தியில ஒக்காரலாம்? அதுக்குத் தகுந்த மாதிரி ஊசி போடணும்" என்று பெரியம்மாவிடம் தெளிவாகக் கேட்டேன்.

"அடுத்த பந்தி நம்ம புள்ளைங்களுக்குத்தான். போட்டு அழைச்சுக்கிட்டு வா" என்றார்.

மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு அபி ஊசி போட்டுக்கொண்டாள். பெரியம்மா பையை வாங்கி மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார். கீழே வந்தோம். அபி இலையில் உட்கார்ந்தாள், தண்ணீர் தெளித்தாள். உப்பு வந்தது, ஊறுகாய் வந்தது. சோறு இரண்டு இலைக்கு அப்பால் வந்துகொண்டிருந்தது. போட்டோவுக்குச் சித்தி வரணுமாம் என்று மேடையிலிருந்து ஒரு ஆள் வந்து என்னைக் கூப்பிட்டார். சோறுதான் வந்துவிட்டதே என்று போனேன்.

அந்த நேரம் பார்த்துக் குத்தாலத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. வழியில் அறுப்பு மெஷின் குறுக்கே நின்று தாமதமாகிவிட்டதாம். பெரியப்பா அவர்களை அழைத்துக்கொண்டு நேரே பந்திக்குள் வந்தார்.

"எந்திரிங்க, எந்திரிங்க, நம்ம புள்ளைங்கல்லாம் எந்திரிங்க. சம்பந்தி வீட்டு ஆளுங்க நிக்கறாங்க. நாம அப்புறம் சாப்பிடலாம்."

பெண் வீட்டுக்காரர்கள் கடைசியில்தான் கை நனைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இலையில் உட்கார்ந்தவரை எழுப்பினால் வெளி ஆளாக இருந்தால் தலைமுறைக்கும் பகை. நம் வீட்டுப் பிள்ளைகளை எழுப்பினால் அது மரியாதை தெரிந்த குடும்பம். அபி எழுந்தாள். உள்ளே இன்சுலின் போயிருந்தது, சோறு போகவில்லை.

அவளுக்குத் தெரியும், என்ன நடக்கும் என்று. கை நடுங்க ஆரம்பித்ததும் மாடிக்கு ஓடியிருக்கிறாள். பூட்டு. பெரியம்மாவைத் தேடியிருக்கிறாள். கூட்டத்தில் எங்கே கண்டுபிடிக்க? பிறகு புத்திசாலித்தனமாகப் பரிமாறும் இடத்துக்குப் போய், தட்டிலிருந்து ஒரு ஜாங்கிரியை எடுத்தாள். வாய்க்குக் கொண்டு போன இடத்தில்தான் பெரியப்பா பிடுங்கினார்.

யாருக்கும் தெரியக் கூடாது என்று ரகசியம் காக்கச் சொன்ன மனிதர், ஒலிபெருக்கி இல்லாமலே சபைக்கு அறிவித்துவிட்டார். மேடையில் நின்ற எனக்குக் கேட்டது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேருவதற்குள் அவளை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். முகம் வெளுத்து, நெற்றி முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தாள், ஆனால் நான் யார் என்று யோசிப்பதைப் போலப் பார்த்தாள். சுற்றிலும் டாக்டர்கள்.

"சர்க்கரை ஏறிப் போச்சு. கூடிப் போச்சுன்னா இப்புடித்தான் வேர்க்கும்."

"எலுமிச்சஞ்சாறு குடுங்க. உப்புப் போட்டுக் குடுங்க. சர்க்கரை ஒரு சிட்டிகைகூடப் போட்டுடாதீங்க!"

யாரோ இரும்புச் சாவி ஒன்றை அவள் உள்ளங்கையில் அழுத்திக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா தன் சட்டைப் பையிலிருந்து அவருடைய சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி, அவள் வாய்க்குக் கொண்டு போனார்.

என் வாழ்க்கையில் அத்தானின் கையை அன்றுதான் தட்டிவிட்டேன். மாத்திரை எங்கேயோ போய் விழுந்தது. பக்கத்தில் ஐஸ் தொட்டியில் மாப்பிள்ளை வீட்டாருக்கென்று இனிப்பான பன்னீர் சோடா போட்டு வைத்திருந்தார்கள். ஒரு பாட்டிலை எடுத்துத் திருகித் திறந்து, அபியின் தலையைத் தாங்கிப் பிடித்து, "முழுங்குடி, முழுங்குடி தங்கம்" என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன்.

"ஐயையோ, கலரக் குடுக்கறாளே!"

"பெத்தவளா இவ?"

பாட்டில் பாதி காலியாகும்போது அவள் கண் என் முகத்தில் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் வந்தது. "அம்மா, பசிக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு நான் பேசிய பேச்சை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். ஊசி போட்ட பிள்ளையை இலையிலிருந்து எழுப்பியது முதல் மாத்திரை வரை, குத்தாலத்து வேனில் வந்த கடைசி ஆளுக்கும் விளங்கும்படி சொன்னேன் என்பது மட்டும் போதும்.

மாடி அறை

அபிக்கு மாடியிலேயே இலை போட்டுச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னேன். அவள் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது பெரியப்பா வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சேம்மா" என்றார்.

"சொன்னது நீங்கதான் அத்தான்."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். துண்டை முறுக்கினார். "திங்க விட்டா புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயந்துட்டேன். அந்த நேரத்துல வேற ஒண்ணும் தோணல" என்றார். இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். திட்டுவதற்கு எனக்குள் இன்னும் நிறைய மிச்சமிருந்தது. அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

கதவு தட்டப்பட்டது. மாப்பிள்ளையின் அம்மா. பெரியப்பா விருட்டென்று எழுந்து கை கூப்பினார்.

"ஒண்ணுமில்லீங்க சம்பந்தி. பித்தம். காலையிலேருந்து வெறும் வயிறு..."

இத்தனைக்குப் பிறகும்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த அம்மாள் அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அபியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவளுடைய இடது கையை எடுத்துத் திருப்பி, விரல் நுனிகளின் ஓரத்தைப் பார்த்தார். குத்திக் குத்திக் கறுத்த புள்ளிகள் அங்கேதான் இருக்கும். அது வேறு யாருக்கும் பார்க்கத் தெரியாத இடம்.

"பேனாவா, சிரிஞ்சா கண்ணு?" என்று கேட்டார்.

"பேனா" என்றாள் அபி.

"தொடையில போட்டுக்கறியா, வயித்துலயா?"

"மாத்தி மாத்தி."

அந்த அம்மாள் அபியின் கையை விடவில்லை. என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "என் பையனுக்கு ஒரு தங்கச்சி. ஹரிணின்னு பேரு. ஆறாவது படிக்கறா. அவளுக்கும் இதேதாங்க. வந்து ரெண்டு வருஷமாச்சு."

பெண் பார்த்தது, பூ வைத்தது, நிச்சயதார்த்தம் என்று அத்தனை தடவை போக்குவரத்து. அந்தப் பெண்ணை ஒரே ஒரு தடவை, அதுவும் தூரத்தில்தான் பார்த்திருக்கிறேன். "அவ எங்கேங்க? காலையிலேருந்து கண்ணுல படவே இல்லையே?" என்றேன்.

"வீட்டுல இருக்கா. பரீட்சைன்னு சொல்லிட்டோம். பக்கத்து வீட்டம்மா பாத்துக்கறாங்க."

"அண்ணன் கல்யாணத்துக்கு ஏன் அழைச்சுக்கிட்டு வரல?"

"நீங்க பாத்துடுவீங்கன்னுதான்" என்றார் அந்த அம்மாள்.

பெரியப்பா கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை.

குத்தாலத்தில்

மறுநாள் மறுவீடு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு குத்தாலம் போனோம். அபி தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள். முன் சீட்டிலிருந்த பெரியப்பா திரும்பிப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

ஹரிணி உள் அறையில் இருந்தாள். இரட்டைப் பின்னல், எடுப்பான பல். முதல் நாள் உடுத்த வேண்டிய புதுப் பட்டுப் பாவாடையை இன்று உடுத்தியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் மேஜைமேல் இருந்த சின்னப் பெட்டியை அவசரமாகத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். பதினொரு வயசுப் பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தை யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அபி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பையைத் திறந்து கட்டில்மேல் கவிழ்த்தாள். "உன்னோடது என்ன கலரு?" என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் கூடத்துக்கே வந்தார்கள். இரண்டு வீட்டு ஆட்களும் உட்கார்ந்திருந்த இடத்தில், பாயில் சம்மணம் போட்டு, ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். அபி முதலில். ஹரிணி தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு.

பெரியப்பா துள்ளி எழுந்தார். "மொதல்ல இந்த ரெண்டு புள்ளைங்களுக்கும் சோறு வைங்கய்யா! நாங்கல்லாம் அப்புறம்" என்று பரிமாறுகிறவர்களை விரட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைப்பதற்குள், "பாயசம் மட்டும் காட்டாதீங்க" என்றும் சேர்த்துச் சொன்னார். இவரை நான் இனி திருத்த முடியாது. பாயசத்துக்கும் சேர்த்துத்தான் இருவரும் கணக்குப் பண்ணி ஊசி போட்டிருந்தார்கள். வாங்கி ரசித்துக் குடித்தார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்த ஹரிணி பவித்ராவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். பவித்ராவின் கழுத்தில் புதுத் தாலிக் கயிறு மஞ்சள் மணத்தோடு பளிச்சென்று கிடந்தது. ஹரிணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, நாத்தனார் முடிச்சு யாரு போட்டா?"

மாப்பிள்ளை கட்டுவது முதல் முடிச்சு. அதற்கு மேல் போடுவது அவனுடைய தங்கச்சியின் உரிமை. கூடத்தில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். மாப்பிள்ளை எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"ஒங்க சித்தப்பா பொண்ணுடா" என்றாள் பவித்ரா.

ஹரிணி தலையாட்டினாள். அழவில்லை, கோபப்படவில்லை. "நான் பாவாடை நாடாவுல போட்டுப் போட்டுப் பழகி வச்சிருந்தேன் அண்ணி" என்றாள்.

அவளுடைய அம்மா சமையலறை வாசலில் நின்றார். பெரியப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன், ஊரில் பேர் வாங்கிய வாயோடு. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அதுதான் வருகிறது.